மனு எழுதும்போது சர்வே எண்ணை எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீடு, மனை, தெரு

நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நம் குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், குடியிருப்புப் பகுதியின் திட்டத்தைத் திருத்தும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்வது பற்றி வந்த கேள்விகள்.

எங்கள் நகரில் முந்நூறு வீடுகள் இருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் வயல். இந்தப் பகுதிக்கான பழைய விரிவான வளர்ச்சித் திட்டத்தைத் திருத்தப் போவதாகவும், பொதுமக்கள் கருத்தும் ஆட்சேபனையும் சொல்லலாம் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. சங்கத் தலைவர் ரோடு, சாக்கடை, தெருவிளக்கு என்று ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். இது போதுமா?
– ஒரு வாசகி, பார்வதிபுரம்

போதாதும்மா. உங்கள் தலைவர் எழுதியிருப்பது எல்லாமே தேவையான விஷயங்கள்தான். ஆனால் உடைந்த சாக்கடை மூடியும் எரியாத விளக்கும் வளர்ச்சித் திட்டத்துக்குள் வராது. அவை மாநகராட்சியின் அன்றாட வேலை. அந்த மனு வார்டு உறுப்பினர் கையில் போக வேண்டும். திட்ட அலுவலகத்துக்குப் போனால், "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள். முந்நூறு வீட்டுக் கையெழுத்தும் அந்த ஒரு வரியோடு போய்விடும்.

திட்டம் முடிவு செய்வது வேறு. எந்த சர்வே எண்ணில் வீடு கட்டலாம், எதில் கடை, எதில் பட்டறை, எந்த ரோடு எத்தனை அடிக்கு அகலமாகும், பள்ளிக்கும் பூங்காவுக்கும் எந்த இடம், எது குளம், எது ஓடை என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். ஒப்புதல் ஆகிவிட்டால் கட்டட அனுமதி அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் வீடு கட்டும்போதும் அந்தக் கோடுகள் கூடவே வரும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். ஊர் முழுவதற்கும் முழுமைத் திட்டம், அதற்குள் ஒரு பகுதிக்கு மட்டும் விரிவான வளர்ச்சித் திட்டம் என்று இரண்டு அடுக்கு. முழுமைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தர வேண்டும். விரிவான திட்டத்துக்கு நகர் ஊரமைப்பு இயக்குநர். முழுமைத் திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதமாவது ஆட்சேபனைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று 26-ஆவது பிரிவு சொல்கிறது. விரிவான திட்டத்துக்கான அறிவிப்பு 27-ஆவது பிரிவில் வருகிறது. உங்கள் அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அந்த 26-ஆவது பிரிவில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கேட்காதவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் திட்டம் எந்தப் பிரிவில் வந்தாலும் சரி, கடிதத்தின் கடைசியில், "நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டுகிறேன்" என்று மறக்காமல் எழுதுங்கள். எவ்வளவோ நல்ல கடிதங்கள் அந்த ஒரு வரி இல்லாமல் வந்து கட்டோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன எழுதுவது? வயலாக இருந்த இடம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள்.

நாஞ்சில் நாட்டில் தண்ணீர் தனித்தனியாக நிற்பதில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல் என்று பிரிந்து குளங்களுக்கு வருகிறது. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாக வயலுக்கும் அடுத்த குளத்துக்கும் போகிறது. கடைசியில் மிஞ்சுவது பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலுக்குப் போகும். இந்தச் சங்கிலியின் நடுவில் இருக்கும் வயலில் செம்மண் அடித்து உயர்த்தி மனை போட்டால், தண்ணீர் வழியை விட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போகும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

வரைபடம் போடுகிறவருக்கு உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாது. செயற்கைக்கோள் படம் வெயில் நாளில் எடுத்ததாக இருக்கும். அதில் ஓடை ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். அதன் மேல் சிலாப் போட்டு மூடியிருந்தால் அந்தக் கோடும் தெரியாது. தண்ணீர் வந்த வழி அங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதை வாயால் சொன்னால் பதிவாகாது.

சங்கத்து இளைஞர்களைக் கூட்டி வீடு வீடாகப் போகச் சொல்லுங்கள். 2021-இல் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் வடிந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். சுவரில் கறை இருந்தால் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து கதவு எண்ணோடு எழுதிக்கொள்ளட்டும். அங்கே முன்பு வயல் செய்த பாட்டாமார் (தாத்தாக்கள்) யாராவது இருந்தால் அவரைக் கூடவே நடத்திக் கூட்டிப் போங்கள். எந்த இடத்தில் மடை இருந்தது, எந்த வரப்பின் ஓரமாகத் தண்ணீர் இறங்கியது என்று அவர் கையைக் காட்டிச் சொல்லுவார். அந்தத் தலைமுறை போய்விட்டால் இதைச் சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் ஆவணம். பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புல வரைபடம் மூன்றையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். நகர நில அளவை முடிந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். பாட்டா காட்டிய இடம் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றோ குளம் என்றோ இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரைவுத் திட்டத்தில் அதே இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடம்தான் நீங்கள் எழுத வேண்டிய இடம்.

கடிதம் இப்படி இருக்கட்டும்: "இன்ன சர்வே எண்ணின் மேற்கு எல்லையில் உள்ள ஓடை, வரைவு வரைபடத்தில் பாதையாகக் காட்டப்பட்டுள்ளது. அ-பதிவேட்டில் இது ஓடைப் புறம்போக்கு. இதை நீர்வழியாகத் திருத்திக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: பதிவேட்டு நகல், புகைப்படம், கை வரைபடம்." ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். பத்து விஷயத்தை ஒரே கடிதத்தில் அடைத்தால், எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதி மற்றதை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள்? பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள், அதிலும் ஓய்வு பெற்ற ஆண்கள். வாடகைக்கு இருப்பவர்கள், காலையில் மீன் கொண்டுவரும் அம்மாமார், ரோட்டோரத்தில் நின்று ஸ்கூல் பஸ் ஏறும் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர் ஆகியோருக்கும் அந்தத் தெருதான். மீன்காரம்மாவுக்கு நிழலில் உட்கார ஒரு மூலை வேண்டும் என்பது சொந்தக்காரர்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் பேச்சுக்கே வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டால் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் வராது. வெள்ளி மதியம் போட்டால் தொழுகைக்குப் போகிறவர்கள் வர முடியாது. சாயங்காலம் பெண்கள் வேலை முடித்து வரக்கூடிய நேரமாகப் பார்த்து, அவரவர் தெருமுனையிலேயே நாற்காலி போட்டுப் பேசுங்கள். மண்டபமும் மைக்கும் வேண்டாம். மைக் வந்தால் நாலு பேர்தான் பேசுவார்கள்.

எங்கள் ஐந்து சென்ட் மனையின் நடுவில், வரப்போகிற நாற்பதடி ரோடு என்று பழைய திட்டத்தில் கோடு போட்டிருக்கிறது. ரோடும் வரவில்லை, நிலத்தை எடுக்கவும் இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்டால் கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். திட்டத்தைத் திருத்தும்போது இதை எடுக்கச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், வெட்டூர்ணிமடம்

கண்டிப்பாகச் சொல்ல முடியும். சொல்லவும் வேண்டும். அதே 1971 சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசிதழில் திட்ட அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியாகவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்கிறது அது. ஆனால் வரைபடத்தில் கோடு தானாக அழிவதில்லை. அதனால்தான் பலர் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை போகிறார்கள். திருத்தத்துக்கான அறிவிப்பு வந்திருக்கும் இந்த நேரத்தில், முதல் அறிவிப்பு வந்த அரசிதழ்த் தேதியைக் குறிப்பிட்டு, 38-ஆவது பிரிவின்படி கோட்டை நீக்கக் கேட்டு எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரிய தொகை சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எழுதுவதற்கு முன் பக்கத்துத் தெருக்காரர்களிடமும் பேசுங்கள். அந்த ரோடு வந்தால்தான் அவர்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர முடியும் என்ற நிலை இருக்கலாம். அப்படி இருந்தால், இருக்கிற முடுக்கை அகலப்படுத்த முடியுமா, கோட்டைப் புறம்போக்கு வழியாக நகர்த்த முடியுமா என்று இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு மாற்று வழியை வரைந்து கொடுங்கள். மாற்றோடு வரும் ஆட்சேபனையை ஒதுக்குவது அதிகாரிக்குக் கஷ்டம்.

மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதில் சங்கத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொள்ள, திட்டத் திருத்தத்தில் நில வகையை மாற்றக் கேட்கலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஆசாரிப்பள்ளம்

கேட்காதீர்கள். பெரிய மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுப்பது எல்லோருக்கும் பொதுவாக இருக்கத்தான். அது சங்கத்தின் சொத்து இல்லை. முந்தின பதிலில் சொன்ன 38-ஆவது பிரிவையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். தானமாக எழுதிக் கொடுத்த பூங்கா இடத்தின் கதை வேறு. புதரை வெட்டி, சுற்றி வேலி போட்டு, நாலு வேம்பும் புன்னையும் நட்டால் பிள்ளைகள் விளையாட வருவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கவும் இடம் இருக்கும். மண்டபத்துக்கு வேறு இடம் பாருங்கள்.

தெருவில் ஒருவர் வீட்டு முன்னறையில் சிப்ஸ் போட்டு விற்கிறார், ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். திட்டத்தைத் திருத்தும்போது இங்கே வீடு மட்டும்தான், கடையே கூடாது என்று எழுத வேண்டும் என்கிறார்கள் சில பெரியவர்கள். உங்கள் கருத்து?
– ஒரு வாசகி, வடசேரி

எனக்கு அந்தப் பெரியவர்கள் சொல்வது சரியாகப் படவில்லை. குடியிருப்பு மண்டலத்திலேயே சிறு கடைக்கும் வீட்டுத் தொழிலுக்கும் விதிகளில் ஓரளவு இடம் இருக்கிறது. தையல் கடை அக்காவின் வருமானத்தில் ஒரு குடும்பம் நடக்கிறது. சாயங்காலம் கடை விளக்கு எரிவதால் அந்த வழியாக டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்கும் தைரியம். உங்கள் பெரியவர்களுக்கு உண்மையில் தொந்தரவு எதனால் என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி சத்தமா, எண்ணெய்ப் புகையா, ரோட்டை அடைத்து நிற்கும் வண்டிகளா? புகை என்றால் சிப்ஸ் அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கச் சொல்லலாம். வண்டி என்றால் கல்யாண மண்டபம், வெல்டிங் பட்டறை, லாரி நிறுத்தம் மூன்றும் இந்தத் தெருவுக்குள் வேண்டாம் என்று குறிப்பாக எழுதிக் கொடுக்கலாம்.

எங்கள் ஊர் கிராமப் பஞ்சாயத்து. நகரத்துத் திட்ட எல்லையை எங்கள் ஊர் வரைக்கும் நீட்டப் போவதாகப் பேச்சு. ஏலா (வயல்வெளி) முழுக்க வரைபடத்தில் குடியிருப்புக்கான மஞ்சள் நிறமாகி மனையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் எப்படிக் கருத்துச் சொல்வது?
– ஒரு விவசாயி, தக்கலை அருகில்

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. "ஏலாவைக் காப்பாற்ற வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்த சர்வே எண்கள் இன்னும் இருபோகம் விளைகிறது, எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று பட்டியலாகத் தீர்மானத்திலேயே பதிவு செய்யுங்கள். திட்டக் குழுமம் அந்தத் தீர்மானத்தை அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு யார் அந்த நிலத்துக்கு வகை மாற்றம் கேட்டாலும் அது எதிரே நிற்கும்.

சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் ஏலாவுக்கு அந்த அளவு பேர் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் அந்தக் குளங்களைக் காலம் காலமாக உயிரோடு வைத்திருந்தது சுற்றியிருந்த வயல்தான். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்: வேலையில் இருந்த காலத்தில் என் மேஜையில் பச்சையாக இருந்த எத்தனையோ சர்வே எண்கள் மஞ்சளானதை என் கண்ணால் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஆட்சேபனைக் கடிதம்கூட வந்ததில்லை.

கருத்துக்கேட்பு எல்லாம் கண்துடைப்பு. முன்னமே முடிவு செய்துவிட்டுத்தான் நம்மிடம் கேட்கிறார்கள். நான் ஏன் என் நேரத்தைச் செலவு செய்ய வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. கடைசி நாளில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கருத்துக் கேட்டோம் என்று சொன்ன இடங்களும் உண்டு. அதை மறைத்து உனக்கு நல்லது செய்ய முடியாது.

ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திட்டத்துக்கு, அச்சடித்த ஒரே வாசகத்தில் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆட்சேபனையாகப் பதிவு செய்து ஒரே பதில் எழுதினார்கள். அதே நாளில் ஒரு வயசான விவசாயி நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். குளம், மறுகால், உபரித் தண்ணீர் வழியும் ஒரு கலுங்கு, பக்கத்தில் சர்வே எண்கள். அவ்வளவுதான். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி இடத்துக்கே போனார். மறுகால் வரைவில் விட்டுப்போயிருந்தது உண்மை. சேர்த்துத் திருத்தினோம். அந்தக் கோட்டை வரைந்தது நான்தான். அவர் பெரிய படிப்பு படித்தவர் இல்லை, பின்னால் கட்சியும் இல்லை. அவர் சொன்னது சரிபார்க்கக்கூடியதாக இருந்தது.

நீ களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறாய். எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 1996-இல், உள்ளாட்சிகள் மக்களோடு கூடித் திட்டம் போடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள். கையில் பணம் இருந்ததால் மக்கள் கூட்டத்துக்கு வந்து பேசினார்கள். நம் பக்கத்துத் திட்டங்களோடு பணம் சேர்ந்து வருவதில்லை. அதனால் உற்சாகம் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதை மாற்றச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். நகரப் பகுதி என்றால் வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022-இல் அதற்கு விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுவதும் பகுதி சபைகள் கூடின. உன் வார்டில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று நகராட்சியில் கேள். பதில் இல்லையென்றால் அதையே எழுத்தில் கேள்.

உன் போனில் இருப்பிடத்தோடு புகைப்படம் எடுக்க முடியும். அந்த விவசாயிக்கு அது இல்லை. மழை பெய்யும்போது நனைந்துகொண்டு போய், உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எடு. வெயில் நாளில் எடுத்தால் அதற்குப் பயன் கிடையாது.

எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது கடைசித் தேதி முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், குளச்சல்

முடியும். தேதி முடிந்தாலும் ஒப்புதல் வரும் வரை கடிதம் கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒப்புதல் ஆகிவிட்டால், முழுமைத் திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய 32-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. விரிவான திட்டத்தை மாற்றுவதற்கு 33-ஆவது பிரிவு. அதற்குள் உங்கள் தெருவின் வெள்ளக் குறிப்பு, புகைப்படம், பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தேதி போட்டு ஒரு தாள் சேருங்கள். அலுவலகத்தில் கடிதம் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். தபாலில் அனுப்பினால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். சங்கத் தலைவர் மாறும்போது அந்தக் கோப்பு புதியவர் கைக்குப் போக வேண்டும் என்பதையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.